பாரிஸ்–ரூபே 2025: மேடே இல்லாத பாதையில் பொகாச்சாருக்கு வழி உண்டா?

ஆரக்கால் (ஏப்ரல் 8, செவ்வாய்)

வருகிற ஞாயிறன்று கோம்பியேன் நகரில் புறப்பட்டு, 259.2 கிலோமீட்டர் கடந்து, ரூபே வெலோட்ரோமில் (சைக்கிள் ஓட்ட அரங்கில்) முடியவிருக்கும் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பேச இந்த இழையைத் தொடங்குகிறேன். கல்பாதைத் துண்டுகள் முப்பது. அவற்றின் மொத்த நீளம் 55.3 கிலோமீட்டர். இந்தக் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறினாலும் பந்தயத்தின் இயல்பு மாறுவதில்லை. இம்முறை மாறியிருப்பது புறப்படுவோர் பட்டியல்தான். நடப்பு டூர் தெ பிரான்ஸ் வெற்றியாளரும் உலகச் சாம்பியனுமான தடே பொகாச்சார் முதன்முறையாக இங்கே வருகிறார். நடப்பு டூர் வெற்றியாளர் ஒருவர் ரூபேயில் புறப்பாட்டுக் கோட்டில் நிற்பது 1991இல் கிரெக் லெமாண்ட் நின்றதற்குப் பிறகு இதுவே முதல் முறை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் வெல்ல மாட்டார் என்று நினைக்கிறேன். காரணம் அவருடைய திறமைக் குறைவு அன்று, பாதையின் அமைப்பு. நேற்று முன்தினம் பிளாண்டர்ஸ் பந்தயத்தில் அவர் வென்ற விதத்தை நினைத்துப் பாருங்கள். ஔதே குவாரெமோன்ட் ஏற்றத்தைக் கடைசி முறை ஏறியபோது, இலக்குக்கு இன்னும் 18 கிலோமீட்டர் இருக்கையில், எல்லோரையும் உதறிவிட்டுப் போனார். லீயேஜ், லொம்பார்டி, ஸ்ட்ராடே பியாங்கே என்று அவர் வென்ற ஒருநாள் பந்தயங்களில் பெரும்பாலானவற்றில் தீர்ப்பு எழுதப்பட்டது ஏதோ ஒரு மேட்டில்தான். மேடு செங்குத்தாக இல்லாத சான் ரெமோவில், மார்ச் 22 அன்று, சிப்ரெஸ்ஸா ஏற்றத்தில் அவர் தாக்கியும், கடந்த இரண்டு ஆண்டுகளும் ரூபேயை வென்ற மத்தியூ வான் டெர் பூலும் பிலிப்போ கன்னாவும் விலகவில்லை. இறுதியில் அவர் மூன்றாவதாக வந்தார். ரூபேயிலோ மேடே கிடையாது. அப்படியானால் வான் டெர் பூலை எந்த இடத்தில் கழற்றிவிடுவது என்பதே என் கேள்வி.

பல்சக்கரம் (ஏப்ரல் 8, செவ்வாய்)

ஆரக்கால் அவர்களின் கேள்விக்கு எண்களைக் கொண்டு பதில் தேடலாம். பொகாச்சாரின் எடை ஏறத்தாழ 66 கிலோ, வான் டெர் பூலின் எடை ஏறத்தாழ 75 கிலோ. ஏற்றத்தில் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் ஆற்றல் என்பதே கணக்கு. சமதளத்தில் அந்த வகுத்தல் பயன்படாது. அங்கே எதிரி காற்று. உடல் பெரிதாகும் அளவுக்குக் காற்றின் தடை பெரிதாவதில்லை என்பதால், மொத்த வாட் அதிகமாக உள்ளவர் சமதளத்தில் வேகமாகப் போகிறார். கல்பாதையில் இதனுடன் அதிர்வும் சேர்கிறது. கனமான ஓட்டுநர் கல்லின் மேல் உருண்டு போகிறார், இலேசான ஓட்டுநர் கல்லால் தூக்கி எறியப்படுகிறார் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. வென்றவர்களின் படங்களை வரிசையாகப் பாருங்கள்: பூனன், கான்செலாரா, வான் சம்மரன், டெர்ப்ஸ்ட்ரா. எல்லோரும் நெடிய, கனத்த உடலினர்.

நெடுவழி (ஏப்ரல் 8, செவ்வாய்)

அந்தப் படங்களை இன்னும் சற்றுப் பின்னோக்கிப் புரட்டுமாறு பல்சக்கரம் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 1981இல் வென்ற பெர்னார் இனோ மலைகளில் டூர் பந்தயங்களை வென்ற, உயரம் குறைந்த மனிதர். அன்று அவர், பொகாச்சார் இன்று அணிந்திருக்கும், உலகச் சாம்பியனுக்குரிய அதே வானவில் சட்டையில் வந்தார், பலமுறை விழுந்தார், விழுந்து எழுந்தும் வெலோட்ரோமில் ரோஜர் டி விலமிங்க்கையும் பிரான்செஸ்கோ மோசரையும் ஸ்பிரின்டில், அதாவது இறுதிப் பாய்ச்சலில், வென்றார். அந்த இருவரும் இந்தப் பந்தயத்தைத் தங்கள் வீட்டு முற்றம் போல அறிந்தவர்கள்: டி விலமிங்க் நான்கு முறை வென்றவர், மோசர் 1978 முதல் 1980 வரை தொடர்ந்து மூன்று முறை வென்றவர். 1950இல் கொப்பி, 1956இல் பொபே, 1966இல் ஜிமோண்டி, பிறகு மூன்று முறை மெர்க்ஸ் என்று டூர் வென்றவர்கள் ரூபேயையும் வென்ற வரிசை நீண்டது. அந்த வரிசை இனோவோடு நின்றுபோனதற்கு உடல் எடை மட்டும் காரணமன்று. டூர் வெல்ல விரும்புகிறவர்கள் இங்கே வருவதையே நிறுத்திவிட்டார்கள் என்பதே பெரிய காரணம். வராதவர் வெல்லவில்லை என்பதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 2022ஆம் ஆண்டு டூரின் ஐந்தாம் நாள் ஓட்டம் இதே வட்டாரக் கல்பாதைகளின் வழியாக ஆரன்பேரில் முடிந்தது. அன்று பொகாச்சார் ஸ்டய்வனுடன் முன்னால் பிரிந்து சென்று தம் போட்டியாளர்களிடமிருந்து 13 விநாடிகள் பெற்றார். கல் அவரைத் தூக்கி எறியவில்லை.

ஆரக்கால் (ஏப்ரல் 9, புதன்)

நெடுவழி அவர்கள் சொன்ன 2022 ஓட்டத்தை நானும் மறக்கவில்லை. ஆனால் அன்று இருந்த கல்பாதையின் நீளம் ஞாயிறன்று இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அன்று அவருக்கு எதிரே இருந்தவர்கள் மலையேறிகள். டூர் ஓட்டத்தில் கல்பாதை ஒரு நாள் இடையூறு. ரூபேயில் அதுவே முழு வேலை.

கல்தடம் (ஏப்ரல் 9, புதன்)

எடையைப் பற்றியே பேச்சு சுற்றிச் சுற்றி வருவதால் என் அனுபவத்தைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. தொழில்முறைப் பந்தயத்துக்கு முந்தைய நாள் பொதுமக்களுக்காக அதே கல்பாதைகளில் நடத்தப்படும் ஓட்டத்தில் நான் ஒருமுறை கலந்துகொண்டிருக்கிறேன். அங்கே போகும்வரை நானும் கல்பாதை என்றால் நகரத்துப் பழைய தெருக்களில் இருப்பதைப் போன்ற, வரிசையாக அடுக்கிய கற்கள் என்றே எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. இவை வயல்களுக்கிடையே வண்டிகள் போவதற்காகப் போடப்பட்டவை. நடுப்பகுதி முதுகு போல உயர்ந்திருக்கும், இரு பக்கமும் சரிந்திருக்கும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கும், சில இடங்களில் கல்லே காணாமல் போயிருக்கும்.

முதல் துண்டில் நான் செய்த தவறு கைப்பிடியை இறுகப் பற்றியதுதான். பயம் வந்தால் கை தானாக இறுகுகிறது. இறுகினால் ஒவ்வொரு அடியும் தோளுக்கு ஏறுகிறது. தோள் களைத்தால் வண்டி சொன்னபடி கேட்பதில்லை. மூன்றாவது துண்டில்தான் கையைத் தளர்த்தக் கற்றேன். வண்டி தன் வழியைத் தானே தேடிக்கொள்ள விட வேண்டும். இடுப்பு இருக்கையின் பின்பகுதிக்குப் போக வேண்டும், கனமான கியரில் மெதுவாகச் சுழற்ற வேண்டும், எக்காரணம் கொண்டும் வேகத்தை இழக்கக் கூடாது, ஏனென்றால் இழந்த வேகத்தைக் கல்லின் மேல் மீட்பது அவ்வளவு கடினம். மாலையில் புட்டியின் மூடியைத் திறக்க விரல்கள் மடங்கவில்லை.

ஆகவே நான் கேட்பது வேறு கேள்வி. பொகாச்சாருக்கு வாட் போதுமா என்பதன்று, ஐந்தரை மணி நேரத்துக்கும் மேலாக அவர் கை தளர்வாக இருக்குமா என்பதே. வான் டெர் பூலுக்கு அது இயல்பு. சைக்ளோகிராஸில் ஏழு முறை உலகச் சாம்பியன் ஆனவர், சேற்றிலும் மணலிலும் வழுக்கும் வண்டியோடு வளர்ந்தவர். டி விலமிங்க்கும் சைக்ளோகிராஸ் உலகச் சாம்பியன் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. பின்சக்கரம் வழுக்கும்போது அவர்கள் பதறுவதில்லை. நம்மில் பெரும்பாலோர் பதறுகிறோம்.

பல்சக்கரம் (ஏப்ரல் 9, புதன்)

கல்தடம் அவர்களின் பதிவு இந்த இழைக்குப் பெரிய வலு. அதைப் படித்த பிறகு நான் நேற்று எழுதியதில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். உருளும் தடை மொத்த எடைக்கு ஏற்பக் கூடும் என்பதால், கல்லின் மேல் இலேசானவருக்கு ஒரு சிறு சலுகையும் உண்டு. அவருக்கு உண்மையான நட்டம் கல்பாதைத் துண்டுகளுக்கு நடுவே வரும் தார்ச்சாலைகளில், முகத்தில் காற்று அடிக்கும்போது, தனியாக இழுத்துச் செல்ல வேண்டிய நிலையில்தான். கடந்த ஆண்டு வான் டெர் பூல் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலிருந்து தனியாகப் போய் மூன்று நிமிட இடைவெளியில் வென்றது அந்தத் தார்ச்சாலைகளில் அவர் வேகம் குறையாததால்தான்.

டயர் பற்றியும் ஒரு சொல். முன்பு 27, 28 மில்லிமீட்டர் அகல டயர்களைப் பெரிதென்று சொன்ன காலம் போய், இன்று 32 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் சாதாரணமாகிவிட்டன. டியூப் இல்லாத டயரில் காற்றழுத்தத்தை நன்றாகக் குறைத்து ஓட்டலாம். இலேசான ஓட்டுநர் இன்னும் குறைக்கலாம். அகன்ற டயர்கள் வந்ததிலிருந்து உடல் எடையின் வேறுபாடு முன்பளவு பெரிதில்லை என்பது என் எண்ணம்.

காற்றெதிர் (ஏப்ரல் 10, வியாழன்)

இரண்டு பெயர்களைச் சுற்றியே எழுதுகிறோம். ரூபே இருவருக்கிடையே நடக்கும் பந்தயமன்று. மெட்ஸ் பெடர்சன் இரண்டு வாரங்களுக்கு முன் கெண்ட்–வெவல்கெம் பந்தயத்தில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தனியாகப் போய் வென்றார், ஞாயிறன்று பிளாண்டர்ஸில் இரண்டாவதாக வந்தார், கடந்த ஆண்டு ரூபேயில் மூன்றாவது. கன்னாவைப் போல சமதளத்தில் இழுக்கக்கூடியவர் இன்று உலகில் அரிது. யாஸ்பர் பிலிப்சன் கடந்த இரண்டு ஆண்டுகளும் இங்கே இரண்டாம் இடம் பெற்றவர், அவரும் வான் டெர் பூலும் ஒரே அணி. இது மிகப் பெரிய ஆயுதம். முன்னணிக் குழுவில் பிலிப்சன் இருந்தால் மற்றவர்கள் அவரை வெலோட்ரோமுக்கு இழுத்துச் செல்ல விரும்ப மாட்டார்கள். இழுக்காவிட்டால் வான் டெர் பூல் போய்விடுவார். 2023இல் இதைக் கண்ணெதிரே கண்டோம்.

வவுட் வான் ஆர்ட்டை நான் ஒதுக்க மாட்டேன். அதே 2023இல் கார்ஃபூர் டி லார்பர் கல்பாதையில் அவர் சக்கரம் பஞ்சர் ஆகாமல் இருந்திருந்தால், வென்றவருக்குப் பரிசாகத் தரும் கல் யார் கைக்குப் போயிருக்கும் என்பதை இன்றும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கடந்த வாரம் தம் அணியின் மூவர் முன்னால் இருந்தும் அவர் நீல்சன் பவுலஸிடம் ஸ்பிரின்டில் தோற்றது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் பிளாண்டர்ஸில் நான்காவதாக வந்ததைப் பார்த்தால் கால்கள் திரும்பிவிட்டன.

முகில்வண்ணன் (ஏப்ரல் 10, வியாழன்)

நான் இந்த விவாதத்தில் வேறொரு பக்கம் நிற்கிறேன். பொகாச்சார் வெல்வாரா என்பதற்கு முன், அவர் வரத்தான் வேண்டுமா? ஜூலையில் டூர் இருக்கிறது. ரூபே பாதையில் உள்ள ஆரன்பேர் காட்டுக் கல்பாதையில் 1998ஆம் ஆண்டு ஓட்டுநர் யோஹான் மியூசியூவின் முழங்கால் நொறுங்கியதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் காலையே இழக்கும் நிலைக்குப் போனார். ஒரு பந்தயத்துக்காக ஒரு முழுப் பருவத்தைப் பணயம் வைப்பது அறிவுடைமை என்று எனக்குத் தோன்றவில்லை.

நெடுவழி (ஏப்ரல் 10, வியாழன்)

முகில்வண்ணன் அவர்களே, உங்கள் அக்கறையை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. பொகாச்சார் மணிக்கட்டு எலும்பை முறித்துக்கொண்டது 2023இல் லீயேஜ் பந்தயத்தில், சாதாரணச் சாலையில். கடந்த மாதம் ஸ்ட்ராடே பியாங்கேயில் விழுந்து, உடலெல்லாம் சிராய்ப்போடு எழுந்து, பிறகு வென்றார். ஆபத்து ரூபேயில் மட்டும் குடியிருக்கவில்லை. மியூசியூவும் அந்த முழங்காலோடு திரும்பி வந்து 2000இலும் 2002இலும் இதே வெலோட்ரோமில் வென்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மேலும், பெரும் ஒருநாள் பந்தயங்கள் ஐந்தையும் (சான் ரெமோ, பிளாண்டர்ஸ், ரூபே, லீயேஜ், லொம்பார்டி) வென்றவர்கள் இதுவரை மூவர் மட்டுமே: வான் லோய், மெர்க்ஸ், டி விலமிங்க். மூவரும் பெல்ஜியர்கள். பொகாச்சாருக்கு மீதமிருப்பவை சான் ரெமோவும் ரூபேயும். அவர் வயதில், அவர் திறமையில், இதற்கு முயலாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கும். மறுபக்கத்தில் வான் டெர் பூலின் பசியும் சிறியதன்று: ஞாயிறன்று வென்றால் லாபீஸுக்கும் மோசருக்கும் பிறகு தொடர்ந்து மூன்று முறை வென்ற மூன்றாமவர் ஆவார். இன்றைய நிலையில் பெரும் ஒருநாள் பந்தய வெற்றிகளில் ஒருவரிடம் எட்டு, மற்றவரிடம் ஏழு. ஒரே காலத்தில் இப்படி இருவர் நேருக்கு நேர் மோதும் பருவம் நம் ஆயுளில் எத்தனை முறை கிடைக்கும்?

கல்தடம் (ஏப்ரல் 11, வெள்ளி)

ஆபத்து என்ற பேச்சு வந்ததால் ஆரன்பேர் நுழைவாயிலைப் பற்றிச் சொல்கிறேன். பழைய சுரங்கத்தின் அருகே நேர் சாலையில், சற்றே இறக்கமாக, அறுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் முழுக் கூட்டமும் அந்தக் காட்டுப் பாதைக்குள் பாய்வதுதான் விபத்துகளின் மூலம். அந்த வழியைப் பந்தயத்துக்குக் காட்டிக்கொடுத்த பழைய ஓட்டுநர் ஸ்டாப்லின்ஸ்கி அதன் அடியில் சுரங்கத்தில் வேலை செய்தவர். 1968இல்தான் அது பந்தயத்தில் சேர்ந்தது. கடந்த ஆண்டு வேகத்தைக் குறைக்க நுழைவாயிலின் முன் நெருக்கமான வளைவு ஒன்றை வைத்தபோது ஓட்டுநர்களிடையே பெரும் சர்ச்சை எழுந்தது. வான் டெர் பூலே அதை வேடிக்கையா என்று கேட்டார். வேகத்தைக் குறைப்பது சரி, ஆனால் குறுகிய வளைவுக்கு முன் நடக்கும் இடிபாடும் ஆபத்துதான் என்பது என் நிலை. கற்களின் இடையே முளைக்கும் புல்லை மேய ஆடுகளை விட்டதும் கடந்த ஆண்டுதான். அது எனக்கு மிகவும் பிடித்த தீர்வு.

இங்கே ஒரு செய்தி இருக்கிறது: துண்டுக்குள் நுழையும்போது முதல் இருபது இடங்களுக்குள் இருப்பவர் பாதையின் நல்ல கோட்டைத் தேர்ந்துகொள்கிறார்; ஐம்பதாவது இடத்தில் இருப்பவர் முன்னால் விழுகிறவரின் கோட்டில் போகிறார். பொகாச்சாரின் அணியில் 2021இல் இரண்டாவதாக வந்த புளோரியன் வெர்மீர்ஷ் இருக்கிறார், 2019இல் இரண்டாவதாக வந்த நில்ஸ் போலிட் இருக்கிறார். அவர்களைப் போன்றவர்கள் அவரை ஒவ்வொரு நுழைவாயிலுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காற்றெதிர் (ஏப்ரல் 11, வெள்ளி)

அனுபவம் இல்லாதவர் இங்கே வெல்வதில்லை என்று சொல்கிறவர்களுக்கு 2021ஐ நினைவூட்டுகிறேன். மழையும் சேறுமாக இருந்த அந்த அக்டோபர் நாளில் மேடை ஏறிய மூவரும், கோல்பிரெல்லியும் வெர்மீர்ஷும் வான் டெர் பூலும், ரூபேயை முதன்முறை ஓடியவர்கள். அனுபவமே எல்லாம் என்பவர்களுக்குச் சாதகமாக 2016ஐயும் சொல்லிவிடுகிறேன்: ஆறு வாரங்களுக்கு முன் கை எலும்பு முறிந்து, வீட்டுக்குள் நிலையான வண்டியில் பயிற்சி செய்து வந்த மேத்யூ ஹேமன், காலையிலேயே பிரிந்த குழுவில் போய், கடைசியில் ஐந்தாவது வெற்றியைத் தேடி வந்த பூனனையே வெலோட்ரோமில் தோற்கடித்தார். இந்தப் பந்தயம் எந்த விதிக்கும் கட்டுப்படுவதில்லை. அதனால்தான் இத்தனை நாள் முன்பே பேசத் தொடங்கிவிடுகிறோம்.

முகில்வண்ணன் (ஏப்ரல் 12, சனி, மாலை)

இன்றைய பெண்கள் பந்தயத்தைப் பார்த்தவர்கள் யார்? நான் முழுவதும் பார்த்தேன். பொலின் ஃபெரான்-பிரேவோ தனியாக வெலோட்ரோமுக்குள் நுழைந்து வென்றார். லெட்டீசியா போர்கேசி இரண்டாவது, லோரெனா வீபஸ் மூன்றாவது. பிரெஞ்சுப் பெண் ஒருவர் இந்தப் பந்தயத்தை வெல்வது இதுவே முதல் முறை. அவரும் ரூபேக்குப் புதியவர், அவரும் சிறிய உடல்வாகு உடையவர். வியாழனன்று நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆரக்கால் (ஏப்ரல் 12, சனி, இரவு)

நானும் பார்த்தேன், கடைசிச் சுற்றில் கூட்டம் எழுப்பிய ஒலி கேட்டு நெஞ்சு நிறைந்தது. ஆனால் அந்த வெற்றியை அப்படியே நாளைக்கு எடுத்துச் செல்வதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பெண்கள் பந்தயம் தெனானில் தொடங்குகிறது, பதினேழு துண்டுகள், ஆரன்பேர் இல்லை. அதைவிட முக்கியமானது, ஃபெரான்-பிரேவோ யார் என்பது. கடந்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மலைப்பாதைச் சைக்கிள் தங்கம் வென்றவர், சாலை, சைக்ளோகிராஸ், மலைப்பாதை மூன்றிலும் ஒரே காலத்தில் உலகப் பட்டம் வைத்திருந்தவர். கல்தடம் அவர்கள் புதனன்று கேட்ட கேள்விக்கு, அதாவது கை தளர்வாக இருக்குமா என்பதற்கு, இன்றைய விடை அவர். எடை தடையன்று என்பதை அவர் நிறுவிவிட்டார். இதில் என் முதல் பதிவின் சாய்வைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் வண்டியைக் கையாளும் திறமையே பெரிது என்பதையும் அவரே நிறுவினார். அந்தத் தராசில் வான் டெர் பூலின் தட்டுதான் இன்னும் தாழ்ந்திருக்கிறது.

மேடு இல்லாவிட்டால் பொகாச்சார் என்ன செய்ய முடியும் என்று இந்த ஐந்து நாள்களாக யோசித்ததில் ஒரு வழி தெரிகிறது. ஒரே அடியில் பிரிக்க முடியாது. ஆரன்பேருக்கும் முன்பிருந்தே துண்டுக்குத் துண்டு வேகத்தை ஏற்றி, பிலிப்சன், பெடர்சன், கன்னா என்று ஒவ்வொருவராகக் களைக்கச் செய்து, மோன்ஸ்-ஆன்-பெவேல் கல்பாதையின் மூன்று கிலோமீட்டரை இருவர் மட்டும் கடக்கும் நிலைக்குப் பந்தயத்தைக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகும் வான் டெர் பூல் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வெலோட்ரோம் வரை வந்தால் ஸ்பிரின்டில் அவரே வெல்வார். ஆகவே என் தேர்வு வான் டெர் பூல்தான், செவ்வாயன்று இருந்த உறுதியில் பாதியோடு.

நாளை நான் முதலில் பார்க்கப்போவது ஆரன்பேரை அன்று. ஏறத்தாழ 96 கிலோமீட்டர் கடந்த பின் வரும் துருவாவீல், முதல் கல்பாதை. அங்கே வானவில் சட்டை எத்தனையாவது இடத்தில் நுழைகிறது என்று எண்ணுவேன். முதல் இருபதுக்குள் இருந்தால் இந்த இழைக்கு உடனே வந்து எழுதுகிறேன்.

கல்தடம் (ஏப்ரல் 12, சனி, இரவு)

எண்ணுங்கள், ஆரக்கால் அவர்களே. நான் அவர் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.